மூளைச்சாவும் உயிர் பிரிதலும்: அறிவியல், சமயம், மெய்யியல் ஆகியவற்றின் துறைகடந்த உரையாடலுக்கு ஒரு சான்று

1. முன்னுரை

அறிவியல், சமயம், மெய்யியல் ஆகிய மூன்றும் தத்தம் எல்லைகளைக் கடந்து உரையாட வேண்டும் என்னும் கருத்து அரை நூற்றாண்டுக்கு மேலாக வலியுறுத்தப்பட்டு வருகின்றது. 1970ஆம் ஆண்டில் பிரான்சின் நீஸ் நகரில் நடைபெற்ற கருத்தரங்கொன்றில் சுவிற்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே, துறைகடந்த ஆய்வு என்னும் எண்ணக்கருவை முன்வைத்தார். 1994 நவம்பரில் போர்த்துக்கலின் அராபிதா மடத்தில் கூடிய முதலாவது உலக மாநாடு, இயற்பியலறிஞர் பசராப் நிக்கொலெஸ்கு முதலியோரின் முயற்சியால், அத்தகைய ஆய்வுக்குரிய சாசனமொன்றை ஏற்றுக்கொண்டது.

பல்துறை ஆய்வு, துறையிடை ஆய்வு, துறைகடந்த ஆய்வு என்னும் மூன்றும் ஒன்றல்ல. ஒரே பொருளைப் பல துறையினர் தனித்தனியே நோக்குவது பல்துறை ஆய்வு. ஒரு துறையின் முறையை மற்றொரு துறை கடன்பெற்றுப் பயன்படுத்துவது துறையிடை ஆய்வு. எந்தத் துறையும் தனித்து விடை காண இயலாத ஒரு வினா எழும்போது, அவ்வினாவை முன்னிட்டுத் துறைகள் தத்தம் வரம்பை உணர்ந்து ஒன்றையொன்று வினவுவது துறைகடந்த ஆய்வு.

தமிழ்ச் சூழலில் அறிவியலையும் சமயத்தையும் இணைத்துப் பேசும் முயற்சிகள் பெரும்பாலும் ஒப்புமை காட்டும் முயற்சிகளாகவே அமைந்துள்ளன. இன்றைய இயற்பியல் கூறுவதைப் பழம்பாடல் முன்னரே கூறிவிட்டது என நிறுவுவதே அவற்றின் நோக்கம். அவ்வொப்புமையால் இயற்பியலுக்கும் பயனில்லை, பாடலுக்கும் பயனில்லை. உரையாடலின் தேவை ஒப்புமையிற் பிறப்பதன்று, இடர்ப்பாட்டிற் பிறப்பது. அத்தகைய இடர்ப்பாடுகளுள் ஒன்று, ‘இவர் இறந்துவிட்டாரா?’ என்னும் வினா.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் படுத்திருக்கிறார். மார்பு ஏறி இறங்குகிறது, உடல் வெதுவெதுப்பாக உள்ளது, நாடி துடிக்கிறது. அவர் இறந்துவிட்டார் என மருத்துவர் கூறுகிறார். அருகில் நிற்கும் குடும்பத்தினர் சில மணி நேரத்துள் ஒரு முடிவுக்கு வரவேண்டியுள்ளது. இந்நிலையில் மருத்துவர் கூறுவது அறிவியல் உண்மையா, மெய்யியல் முடிவா, சட்டத்தின் ஏற்பாடா? இவற்றைப் பிரித்தறியாதவிடத்துக் குழப்பம் எழுகிறது. தமிழில் அக்குழப்பம் ‘மூளைச்சாவு’ என்னும் சொல்லிலேயே தொடங்குகிறது என்பதையும், அதைத் தெளிவிப்பதற்கான வழியொன்று தமிழ் மரபிலேயே உண்டு என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. வினா பிறந்த வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இறப்பைத் துணிவதில் பெருஞ்சிக்கல் இருக்கவில்லை. மூச்சு, இதயத்துடிப்பு, மூளையின் செயற்பாடு ஆகிய மூன்றில் ஒன்று நின்றால் மற்ற இரண்டும் சில நிமிடங்களில் நின்றுவிடும். ஆதலின் இம்மூன்றனுள் எது இறப்பு என்னும் வினா எழவில்லை.

1952ஆம் ஆண்டில் கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பெருந்தொற்றாகப் பரவியபோது இந்நிலை மாறத் தொடங்கியது. மூச்சுத்தசைகள் செயலிழந்த நோயாளரின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, காற்றுப்பையைக் கையால் அழுத்தி அவர்களை மூச்சுவிடச் செய்யலாம் என மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் காட்டினார். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாகக் காற்றுப்பைகளை அழுத்தினர். கையின் இடத்தை விரைவில் இயந்திரம் பெற்றது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கம் இதுவே.

உயிர் காத்த இந்நுட்பம் எதிர்பாராத ஒரு நிலையையும் தோற்றுவித்தது. 1959இல் பாரிஸ் மருத்துவர்களான மொல்லாரே, கூலோன் ஆகிய இருவரும் 23 நோயாளரின் நிலையை விவரித்து, அதற்கு ‘ஆழ்மயக்கத்துக்கு அப்பாற்பட்ட நிலை’ எனப் பொருள்படும் பிரெஞ்சுப் பெயரொன்றை இட்டனர். அவர்களின் மூளை முற்றாகச் செயலிழந்திருந்தது. இயந்திரத்தின் உதவியால் இதயம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வினா சமயத்தின் முன் வைக்கப்பட்டிருந்தது. ஆஸ்திரிய மயக்கவியல் மருத்துவர் ஒருவர், மீளா மயக்கத்தில் உள்ளவரின் செயற்கைச் சுவாசத்தை நிறுத்தலாமா, அவர் இறந்துவிட்டார் என எப்போது கருதலாம் எனத் திருத்தந்தை பன்னிரண்டாம் பியூசிடம் வினவினார். 1957 நவம்பர் 24ஆம் நாள் ஆற்றிய உரையில் திருத்தந்தை இதற்கு விடையளித்தார். வழக்கத்துக்கு மிஞ்சிய மருத்துவ முறைகளைத் தொடர வேண்டிய கடப்பாடு இல்லை என்பது ஒரு விடை. இறப்பு நிகழும் கணத்தைத் துணிவது மருத்துவருக்கு உரியது, அது திருச்சபையின் அதிகார எல்லைக்குள் அடங்காது என்பது மற்றொன்று. ஒரு துறை தன் வரம்பைத் தானே வகுத்துக்கூறிய அரிய தருணம் இது.

1967 டிசம்பர் 3ஆம் நாள் தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் கிறிஸ்டியான் பார்னார்ட் முதன்முதலாக மனித இதயத்தை மாற்றிப் பொருத்தினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், ஹென்றி பீச்சர் தலைமையிலான ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழு, மீளா மயக்கத்தை இறப்பின் புதிய அளவுகோலாகக் கொள்ளலாம் என அறிக்கை வெளியிட்டது. அக்குழுவில் மருத்துவர்களுடன் சட்ட அறிஞர் ஒருவரும் இறையியலாளர் ஒருவரும் அறிவியல் வரலாற்றாசிரியர் ஒருவரும் இடம்பெற்றனர். அறிக்கை சான்றாகக் காட்டியது பன்னிரண்டாம் பியூசின் உரையையே. புதிய அளவுகோலுக்கு அது இரண்டு காரணங்களைக் கூறியது: மீள முடியாத நோயாளரைத் தாங்குவதால் குடும்பத்துக்கும் மருத்துவமனைக்கும் நேரும் சுமை, உறுப்புகளைப் பெறுவதில் பழைய அளவுகோல் விளைவிக்கும் சர்ச்சை. இவ்விரண்டும் நடைமுறைக் காரணங்கள். மீளா மயக்கம் ஏன் இறப்பாகும் என்பதற்குரிய மெய்யியல் காரணம் அவ்வறிக்கையில் இல்லை. பின்னர் எழுந்த விவாதங்களுக்கெல்லாம் இந்த வெற்றிடமே தோற்றுவாய்.

3. வரையறை, அளவுகோல், சோதனை

இவ்வெற்றிடத்தை ஒழுங்குபடுத்தி நோக்க உதவியது, நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் பெர்னாட், சார்ள்ஸ் கல்வர், மெய்யியலாளர் பெர்னார்ட் கெர்ட் ஆகியோர் 1981இல் வெளியிட்ட ஆய்வு. இறப்பு பற்றிய பேச்சில் மூன்று நிலைகள் உள்ளன என அவர்கள் பிரித்துக் காட்டினர். முதலாவது வரையறை: இறப்பு என்றால் என்ன? இரண்டாவது அளவுகோல்: உடலில் எது நிகழ்ந்தால் அவ்வரையறை நிறைவேறியதாகக் கொள்வது? மூன்றாவது சோதனை: அது நிகழ்ந்துவிட்டது என்பதை எவ்வாறு அறிவது?

சோதனை முற்றிலும் மருத்துவ அறிவியலுக்கு உரியது. மூளைத்தண்டு இறப்பைத் துணியுமுன் மயக்கத்தின் காரணம் தெரிந்திருத்தல் வேண்டும். உடல் குளிர்ந்தமை, மருந்துகளின் தாக்கம், உடலின் வேதியியல் சீர்கேடு ஆகியன காரணமல்ல என உறுதிப்படுத்தல் வேண்டும். அதன்பின் கண்பாவை ஒளிக்குச் சுருங்குகிறதா, விழிவெண்படலத்தைத் தொட்டால் இமை மூடுகிறதா, காதினுள் குளிர்நீர் செலுத்தினால் விழி அசைகிறதா, குமட்டலோ இருமலோ எழுகிறதா என ஒவ்வொன்றாகச் சோதிப்பர். இறுதியாகச் செய்வது மூச்சின்மைச் சோதனை. நோயாளருக்கு ஆக்சிசன் நிறையக் கொடுத்தபின் சுவாச இயந்திரத்தின் இயக்கத்திலிருந்து விடுவித்து, இரத்தத்தில் கரியமிலவாயுவைச் சில நிமிடங்கள் உயரவிடுவர். அது பாதரச அளவில் 60 மில்லிமீற்றரை எட்டும்போது மூளைத்தண்டில் எஞ்சிய உயிரணுக்கள் இருப்பின் அவை மூச்சைத் தூண்டியே தீரும். அப்போதும் ஒரு மூச்சுகூட எழவில்லையெனில் மூச்சின் ஊற்று வற்றிவிட்டது என்பது தெளிவாகும்.

இதயம் ஏன் தொடர்ந்து துடிக்கிறது என்பதற்கும் அறிவியலில் விடை உண்டு. இதயத்துக்குத் தனக்கென இயக்கமுடுக்கி ஒன்று உள்ளது. ஆக்சிசன் கிடைக்கும்வரை மூளையின் கட்டளையின்றியே அது துடிக்கும். முள்ளந்தண்டின் மறிவினையால் கைகால்கள் சிலவேளை அசைவதும் உண்டு. அருகில் நிற்போர்க்கு அது உயிரின் குறியாகத் தோன்றுவது இயல்பு. ஆயினும் அவ்வசைவில் மூளைக்குப் பங்கில்லை.

ஆனால் இச்சோதனைகள் அனைத்தும் நிறுவுவது மூளைத்தண்டு மீளாதவாறு செயலிழந்துவிட்டது என்பதை மட்டுமே. அதனை மனிதரின் இறப்பு எனக் கொள்ளலாமா என்பதை எந்த ஆய்வுகூடமும் அளந்து கூற இயலாது. அது வரையறை சார்ந்த வினா. மெய்யியலுக்கும் சமயத்துக்கும் உரியது.

4. மெய்யியல் எழுப்பிய தடைகள்

ஹார்வர்ட் அறிக்கை வெளிவந்தவுடனேயே அதனை எதிர்த்தவர் மெய்யியலாளர் ஹான்ஸ் யோனாஸ். வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலான எல்லைக்கோடு நமக்கு உறுதியாகத் தெரியாது. தெரியாதவிடத்து உடலின் பக்கமே சாய்ந்து நிற்பது அறம் என்பது அவரது வாதத்தின் சாரம். மீட்சியில்லாதவருக்குச் சிகிச்சையை நிறுத்துவதை அவர் எதிர்க்கவில்லை. உறுப்புகளைப் பெறவேண்டும் என்னும் தேவை வரையறையை வளைப்பதையே எதிர்த்தார்.

1981இல் அமெரிக்க அதிபரின் ஆணைக்குழு இதற்கு விடைகூற முயன்றது. உயிரி என்பது உறுப்புகளின் தொகையன்று, ஒருங்கிணைந்த முழுமை. அவ்வொருங்கிணைப்பைச் செய்வது மூளை. ஆதலின் மூளை முற்றாகச் செயலிழந்தால் முழுமை குலைகிறது, எஞ்சுவது உறுப்புகளின் தொகுதியே என்பது அதன் வாதம். பல நாடுகளின் சட்டங்களுக்கு இவ்வாதமே அடிப்படையாயிற்று.

1998இல் நரம்பியல் மருத்துவர் அலன் ஷூமன் இவ்வாதத்தின் அடித்தளத்தை அசைத்தார். மூளைச்சாவு துணியப்பட்ட பின்னரும் ஒரு வாரத்துக்கு மேல் உடல் இயங்கிய ஏறத்தாழ 175 நேர்வுகளை அவர் தொகுத்துக் காட்டினார். அவ்வுடல்களிற் சில காயம் ஆற்றின, தொற்றை எதிர்த்தன, சிறுவரின் உடல்கள் வளரவும் செய்தன. உடலின் ஒருங்கிணைப்பு மூளையொன்றாலேயே நிகழ்வதில்லை என்பது இதனாற் பெறப்பட்டது. 2008 டிசம்பர் நாளிட்ட அறிக்கையில் அமெரிக்க அதிபரின் உயிரறவியல் அவை, பழைய வாதம் போதாது என ஒப்புக்கொண்டு, புதியதொன்றை முன்வைத்தது. சூழலோடு உறவாடித் தனக்கு வேண்டியதைத் தானே பெற முனைவதே உயிரியின் அடிப்படைத் தொழில். மூச்சுவிடும் உந்துதலும் நனவும் அத்தொழிலின் குறிகள். இரண்டும் மீளாது அற்றவிடத்து உயிரி இறந்துவிட்டது என்றது அது.

இங்கு நிகழ்ந்தது கருதத்தக்கது. மருத்துவ அவதானிப்பு மெய்யியல் வாதத்தைத் திருத்தியது. திருத்தப்பட்ட வாதமோ மூச்சைக் குறியாகக் கொள்ளும் பழைய சமய மரபுகளின் அருகில் வந்து சேர்ந்தது.

5. சமயங்களின் விடைகள்

சமயம் இவ்வினாவுக்கு ஒரே விடையை அளிக்கவில்லை. 2000 ஆகஸ்டில் உரோமையில் கூடிய உறுப்பு மாற்று மருத்துவர்களிடம் உரையாற்றிய திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படும் மூளை அளவுகோல், மனிதரைப் பற்றிய செம்மையான கோட்பாட்டோடு முரண்படவில்லை என்றார். இசுலாமிய உலகில் 1986இல் அம்மான் நகரில் கூடிய பன்னாட்டு இசுலாமியச் சட்ட அவை, இதயமும் மூச்சும் மீளாது நிற்றல், மூளை மீளாது செயலிழத்தல் ஆகிய இரண்டனுள் ஒன்று நிகழினும் இறப்பு எனக் கொள்ளலாம் என்றது. மறு ஆண்டு மக்காவில் கூடிய மற்றோர் அவை, இயந்திரத்தை நிறுத்த இசைந்ததாயினும், இதயம் நின்ற பின்னரே இறப்பின் சட்ட விளைவுகள் தொடங்கும் என்றது.

யூத மரபின் விடை இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. இறப்பின் குறியை மூக்கில் வரும் மூச்சிலே தேடும் வழக்கு தல்மூதில் உண்டு. அதனை அடிப்படையாகக் கொண்டு இசுரேலின் தலைமை மதகுரு அவை 1986இல் மூளைத்தண்டு அளவுகோலை ஏற்றது. பெரும் அறிஞர் சிலர் அதனை மறுத்தனர். நெடிய உரையாடலின் பின் 2008இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பெயர் ‘மூளை–சுவாச இறப்புச் சட்டம்’ என்பதாகும். மருத்துவரும் மதகுருமாரும் சட்டம், அறவியல் வல்லுநரும் கூடிய குழுவின் மேற்பார்வையில் அது நடைமுறைப்படுத்தப்படுகிறது. சட்டத்தின் பெயரிலேயே மூச்சு இடம்பெற்றமையால், மரபு எதனை உயிரின் குறியாகக் கொள்கிறதோ அதுவே சோதிக்கப்படுகிறது என்பது பொதுமக்களுக்கு விளங்கிற்று.

ஜப்பானில் 1968இல் நடந்த முதல் இதயமாற்று சிகிச்சை பெரும் ஐயங்களுக்கு உள்ளாயிற்று. 1997இல்தான் உறுப்பு மாற்றுச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின்படி, உறுப்புக் கொடை செய்வதாகவும் மூளை அளவுகோலை ஏற்பதாகவும் எழுதிவைத்தவருக்கு, குடும்பமும் இசைந்தால் மட்டுமே, மூளைச்சாவு இறப்பாகக் கருதப்பட்டது. 2009இல் திருத்தப்பட்டபோது குடும்பத்தின் இசைவு போதுமென்றாயிற்று. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் 1991 முதல், சமய நம்பிக்கைக்கு மாறானதாயின் மூளை அளவுகோலைக் கொள்ளலாகாது என விலக்களித்துள்ளது.

தமிழர் வாழும் நாடுகளிலும் இவ்வினா நிலவுகிறது. சிங்கப்பூரின் 1987ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம், மறுப்புத் தெரிவிக்காதோர் அனைவரையும் கொடையாளராகக் கருதியது. முஸ்லிம்கள் மட்டும் அதற்குப் புறம்பாக இருந்தனர். இசுலாமிய சமய மன்றத்தின் தீர்ப்புரைக்குப் பின் 2008இல் அவர்களும் சட்டத்தின்கீழ் வந்தனர். அங்குள்ள தமிழ் முஸ்லிம்களுக்கு இது நேரடியாகப் பொருந்துவது. கனடாவின் ஒன்ராறியோவில், இதயம் நின்றாலே இறப்பு என நம்பிய கிறித்தவக் குடும்பமொன்று தொடுத்த வழக்கில், 2019இல் தீர்ப்பளித்த மேன்முறையீட்டு நீதிமன்றம் சமயச் சுதந்திரம் பற்றிய வினாவுக்கு இறுதி விடை கூறாமலே விட்டது. தமிழர் செறிந்து வாழும் மாநிலமொன்றில் அவ்வினா இன்னும் திறந்தே உள்ளது.

6. தமிழ் மரபில் உயிரும் உயிர்ப்பும்

சைவ, வைணவ மரபுகளில் இத்தகைய வினாவுக்குத் தீர்ப்புரை வழங்கும் தலைமைப் பீடம் இல்லை. ஆதலின் குடும்பமே தன் வழக்கையும் சொல்லையும் துணைக்கொண்டு முடிவெடுக்கிறது. அவ்வழக்கின் பின்னுள்ள கருத்துகளுள் இரண்டை இங்கு நோக்கலாம்.

முதலாவது தொல்காப்பிய மரபியலின் உயிர்ப் பாகுபாடு. புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு மட்டுமுடைய ஓரறிவுயிராகத் தொடங்கி, சுவை, மணம், காட்சி, கேள்வி என ஒவ்வொன்றாகக் கூட்டி, மனமுடைய மக்களை ஆறறிவுயிராக அது முடிக்கிறது. இதன்படி மனம் இல்லாதனவும் உயிரே. அறிவின் வகை குறையலாம், உயிர் குறைவதில்லை. இக்கருத்தில் ஊறிய மனத்திடம் ‘இவருக்கு இனி நினைவு வராது, ஆகவே இறந்துவிட்டார்’ எனக் கூறினால் அது பொருந்தாத காரணமாகவே படும். நினைவின்மையை மட்டும் காட்டி நிறுவப்படும் இறப்பு, தமிழ்க் கேட்போர் பலருக்கு ஏன் நிறைவளிப்பதில்லை என்பதற்கு இது ஒரு விளக்கமாகலாம்.

இரண்டாவது சைவசித்தாந்தத்தின் ஐந்து அவத்தைகள். மெய்கண்டாரின் சிவஞானபோதம் மூன்றாம் சூத்திரத்தில் உயிரின் உண்மையை நிறுவுகிறது. உயிர் உடலன்று, புலன்களன்று, மூச்சும் அன்று. உறக்கத்தில் மூச்சு இயங்கவும் நுகர்ச்சி இல்லாமையால் மூச்சின் வேறாய் உயிர் உண்டு என வாதிடுகிறது. நான்காம் சூத்திரத்தின்வழி நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்னும் ஐந்து நிலைகள் விளக்கப்படுகின்றன. கருவிகள் படிப்படியாக நீங்க, பேருறக்கத்தில் மூச்சும் உயிருமே எஞ்சும்; உயிர்ப்படக்கத்தில் மூச்சும் அடங்கி உயிர் தனித்து நிற்கும். எனினும் அது இறப்பன்று. உயிர் அந்நிலையிலிருந்து மீண்டு நனவுக்கு வரவல்லது.

இதிலிருந்து மருத்துவச் சோதனையைப் பெற முயல்வது பொருந்தாது. அவத்தைகள் கூறப்பட்டது உயிரின் அறியும் முறையை விளக்கவே. இறப்பைத் துணிவதற்காக அன்று. ஆயினும் கருத்து நிலையில் இரண்டு தெளிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, மூச்சு உயிரின் வரையறையன்று, உடலில் உயிர் நிற்பதன் குறியே. மற்றொன்று, அடங்கிய மூச்சையும் அற்ற மூச்சையும் வேறுபடுத்துவது மீட்சி. மீள்வதாயின் அது அவத்தை, மீளாதாயின் பிரிவு. மருத்துவர் ‘மீளாதவாறு’ என வற்புறுத்துவதும் இவ்வேறுபாட்டையே. மருத்துவர் சோதனையின் மொழியிலும் சித்தாந்தி வரையறையின் மொழியிலும் பேசினும், இருவர் பேச்சும் தொடும் இடம் இது.

தமிழ்ச் சொல்லமைப்பும் இதற்குத் துணைநிற்கிறது. உயிர்த்தல் என்பதற்கு மூச்சுவிடுதல் என்றே பொருள். உயிர்ப்பு என்பது மூச்சு. நெட்டுயிர்ப்பு என்பது பெருமூச்சு. உயிருக்கும் மூச்சுக்கும் உள்ள உறவு சொல்லிலேயே பதிந்துள்ளது.

7. சொல் விளைவிக்கும் குழப்பம்

‘மூளைச்சாவு’ என்பது ஆங்கிலத் தொடரை அடியொற்றி ஆக்கப்பட்ட சொல். மூளையது சாவு என விரியும் தொகைச்சொல் இது. கல இறப்பு, திசு இறப்பு என்பனவும் இவ்வாறே அமைந்தவை. திசு இறந்தாலும் ஆள் வாழ்கிறார். அவ்வகையிலேயே மூளை இறந்தது, ஆள் இன்னும் இறக்கவில்லை என்னும் பொருளைக் கேட்போர் கொள்வது இயல்பு. செய்தித்தாள்கள் ஒருவர் மூளைச்சாவு அடைந்தார் என எழுதிப் பின்னர் அவர் உயிரிழந்தார் என எழுதும்போது, இறப்பு இருமுறை நிகழ்கிறது. போதாக்குறைக்குச் சுவாச இயந்திரத்தை ‘உயிர்காக்கும் கருவி’ என்கிறோம். இறந்துவிட்டார் என்று கூறப்பட்டவரின் எந்த உயிரை அது காக்கிறது என்று குடும்பத்தினர் வினவினால் அவ்வினாவில் தவறில்லை.

தமிழில் இறப்பைக் குறிக்கும் சொற்கள் சமயம்தோறும் வேறுபடுகின்றன. சைவர் சிவபதமடைந்தார் என்பர். முஸ்லிம்கள் மௌத்தானார் என்பர். கிறித்தவருள் ஒருசாரார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்பர். பகுத்தறிவாளர் இயற்கை எய்தினார் என்பர். இவற்றுள் எதுவும் ஓர் உறுப்பின் அழிவைக் கூறவில்லை. எல்லாம் முழுமனிதரின் நீக்கத்தையே கூறுகின்றன.

சட்டமும் தெளிவளிக்கவில்லை. இந்தியாவின் 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம், நால்வர் கொண்ட மருத்துவக் குழு ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து மூளைத்தண்டு இறப்பைத் துணிய வழிவகுத்தது. ஆனால் 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், உயிரின் அறிகுறிகள் அனைத்தும் நிலையாக மறைவதையே இறப்பு என்கிறது. கொடைக்கு இசையாத குடும்பத்தின் முன் கிடப்பவர் இறந்தவரா அல்லரா என்பதில் இவ்விரு சட்டங்களும் ஒத்துப்போவதில்லை.

இறந்த நேரம் என்பதும் சிறிய செய்தியன்று. பிரித்தானியாவில் இரு சோதனைகளுள் முதலாவது நிறைவுற்ற நேரமே சட்டப்படி இறந்த நேரம். அமெரிக்காவில் மூச்சின்மைச் சோதனையில் கரியமிலவாயு உரிய அளவை எட்டிய நேரமே பதியப்படுகிறது. சைவக் குடும்பமொன்றுக்கு இறந்த நேரம் என்பது திதி. அந்தியேட்டியும் ஆண்டுத் திவசமும் அதனைக் கொண்டே கணிக்கப்படும். சான்றிதழில் உள்ள நேரத்துக்கும் இதயம் நின்ற நேரத்துக்கும் இடையே ஒரு நாளோ இரு நாளோ கழிந்திருப்பின் எத்திதியைக் கொள்வது? மருத்துவர் இதற்கு விடை கூற இயலாது. மருத்துவர் விளக்காதவிடத்துக் குருக்களும் கூற இயலாது. இருவரையும் ஒருங்கே கேட்டறிய வேண்டிய வினா இது.

இந்நிலையில் கூறத்தக்க தீர்வு எளியது. ‘மூளை செத்துவிட்டது’ என்னும் தொடருக்கு மாற்றாக, ‘மூச்சின் ஊற்று அற்றுவிட்டது, இது மீளாது, இப்போது நெஞ்சை உயர்த்துவது அவர் மூச்சன்று, இயந்திரத்தின் காற்று’ என்னும் விளக்கத்தை முதலில் வைக்கலாம். இது மருத்துவ உண்மைக்குச் சற்றும் முரணாகாது. மூச்சின்மைச் சோதனை நிறுவுவது இதனையே. சில நாடுகளில் குடும்பத்தினர் அச்சோதனையை அருகிருந்து காண அனுமதிக்கப்படுகின்றனர். உயிர்ப்பு உண்டா எனப் பார்த்து உயிர் உண்டா எனத் துணியும் வழக்குடைய மக்களுக்கு, பல பக்க அறிக்கையைவிட அக்காட்சி தெளிவளிக்கக்கூடும். உயிர்காக்கும் கருவி என்பதைச் செயற்கைச் சுவாசக் கருவி என்று வழங்கினால் மற்றுமொரு முரண் நீங்கும்.

கலைச்சொல்லாக்கம் தமிழுக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், உடற்கூற்றியல் முதலிய நூல்களைத் தமிழாக்கியபோது நூற்றுக்கணக்கான சொற்களை ஆக்கியும் தேர்ந்தும் கொண்டார். இக்காலக் கலைச்சொல்லுக்கோ நூலகத்திலும் வகுப்பறையிலும் பொருந்துவது மட்டும் போதாது. நோயாளரின் படுக்கையருகேயும் அது பொருள் தரவேண்டும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, சோதனை அறிவியலுக்கும், வரையறை மெய்யியலுக்கும் சமயத்துக்கும் உரியன. அளவுகோல் இவை கூடி ஆக்குவது. ஒன்று மற்றொன்றின் இடத்தைக் கொள்ளும்போது ஐயம் வளர்கிறது. 1957இல் சமயம் தன் வரம்பைக் கூறியது. 1998இல் மருத்துவ அவதானிப்பு மெய்யியலைத் திருத்தியது. 2008இல் சட்டம் மரபின் சொல்லைத் தன் பெயரில் ஏற்றது. துறைகடந்த உரையாடல் என்பதற்கு இவையே நடைமுறைப் பொருள்.

இரண்டாவது, உரையாடல் எல்லாக் கருத்துவேறுபாட்டையும் தீர்ப்பதில்லை. யோனாசின் ஐயம் இன்றும் மறுக்கப்படாதிருக்கிறது, சமயங்கள் உடன்படாதிருக்கின்றன. ஆதலின் இசையாதவருக்கு இடமளிக்கும் சட்டமும், இறப்பைத் துணிபவர் உறுப்பு மாற்றில் ஈடுபடலாகாது என்னும் விதியும் உரையாடலின் இன்றியமையாத கூறுகளாகின்றன.

மூன்றாவது, தமிழ் ஆய்வாளர்க்கு இதில் தனிக்கடமை உண்டு. தமிழ்நாட்டில் உறுப்புக் கொடையளித்தோரின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படும் என 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. கொடையைப் போற்றும் சடங்கு அவ்வாறு அமைந்துவிட்டது. அதற்கு முந்திய பொழுதில், கொடை பற்றிய பேச்சு எழுமுன், இறப்பை உணர்த்தும் மொழி இன்னும் செம்மையாக அமையவில்லை. இலண்டனிலும் தொரன்றோவிலும் சிங்கப்பூரிலும் தமிழறியாத மருத்துவரின் சொல்லை உறவினரே மொழிபெயர்க்கும் நிலை உள்ளது. பல குடும்பங்களில் அப்பொறுப்பு பிள்ளைகளின் மேல் விழுகிறது. தந்தை இறந்தாரா என்பதைத் தாய்க்குக் கூறவேண்டிய பிள்ளையின் கையில் இன்று இருப்பது ‘மூளைச்சாவு’ என்னும் ஒரு சொல்லே. மருத்துவரும் சமய அறிஞரும் மெய்யியலாரும் மொழியறிஞரும் கூடி இரு பக்கங்களில் அடங்கும் விளக்கமொன்றைத் தமிழில் ஆக்கி, சைவர், வைணவர், முஸ்லிம்கள், கிறித்தவர் ஆகியோரின் வழக்குக்கேற்ப அதனை அமைத்து மருத்துவமனைகளுக்கு வழங்குதல் இயலாத செயலன்று.